துளை சிறுத்தால் படம் தெளியுமா?

கேள்வி: தகர டப்பாவில் ஊசித்துளை கேமரா செய்தேன். உள்ளே கறுப்பு-வெள்ளை போட்டோ பேப்பர். துளைக்கும் தாளுக்கும் 10 செ.மீ. தூரம். படம் மங்கலாக வந்ததால் இன்னும் மெல்லிய ஊசியால் வேறு துளை போட்டேன்; முன்னைவிட மோசம். சில தாள்கள் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்) போட்டதும் முழுக்கக் கறுத்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மங்கலைப் பார்ப்போம். துளை சிறுக்கச் சிறுக்கப் படம் தெளியும் என்பது ஓர் எல்லை வரைதான். அதற்கும் கீழே போனால் ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவிவிடும். பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். ஊசித்துளைப் படத்துக்கு எந்த அளவு சரி என்பதை இயற்பியலாளர் ராலே பிரபு 1891-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன்: தூரத்தை மி.மீ.-இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.04-ஆல் பெருக்குங்கள். உங்கள் 100 மி.மீ.-க்கு 0.4 மி.மீ. வரும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. துளை வட்டமாக, பிசிறில்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

டப்பாத் தகரத்திலேயே குத்தாதீர்கள், அது தடிமன். குளிர்பான கேனிலிருந்து சிறு தகடு வெட்டி, அட்டைமேல் வைத்து, ஊசிமுனையால் லேசாக அழுத்துங்கள். ஊசி மறுபுறம் வரக் கூடாது. பின்பக்கம் எழும்பிய புடைப்பை நைசான உப்புத்தாளால் தேய்த்தால் துளை தானே திறக்கும். முனையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தேய்க்கவும். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்யுங்கள். துளையின் குறுக்களவு சுமார் 38 புள்ளி இருந்தால் 0.4 மி.மீ.

அப்புறம் அந்தக் கறுப்பு. தாளில் ஒளி பட்ட இடம்தான் கறுக்கும். ஆகவே டப்பாவுக்குள் எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது, அல்லது அளவுக்கு மீறித் திறந்து வைக்கிறீர்கள். துளையை மூடியபடியே, தாளுடன் டப்பாவை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து டெவலப் செய்யுங்கள். சாம்பல் தட்டினால் கசிவு உறுதி. பெரும்பாலும் மூடியின் விளிம்புதான் காரணம், கறுப்பு டேப் சுற்றுங்கள். இருட்டறைச் சிவப்பு விளக்கையும் நம்பிவிட வேண்டாம். அதன்கீழ் புதுத் தாள்மேல் நாணயம் வைத்து ஐந்து நிமிடம் கழித்து டெவலப் செய்தால், வட்டம் தெரியக் கூடாது.

நேரம்? நல்ல வெயிலில் ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். தாள் வெளுத்து வந்தால் இரட்டிப்பாக்குங்கள், கறுத்தால் பாதியாக்குங்கள். துளையின் விட்டம் பாதியானால் நேரம் நான்கு மடங்கு என்பதும் நினைவிருக்கட்டும். டப்பா ஆடாமலிருக்க மேலே ஒரு கல்லை வையுங்கள்.

இந்தத் தாளுக்கு நீல ஒளி சட்டென்று உறைக்கும், சிவப்பு ஏறக்குறைய உறைக்கவே உறைக்காது. அதனால் நெகட்டிவில், அதாவது வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெள்ளையாகவும் பதியும் இந்தத் தாளில், வானம் வெறும் கறுப்பாகிவிடும். வானம் குறைவாகத் தெரியும் காட்சியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.