ஏழாவது ஸ்ட்ரிங் எதுக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

நீங்க கிடார் பத்தி எழுதுறத காலேஜ் படிக்கும்போதுல இருந்து படிச்சிட்டு வர்றேன். இவ்ளோ நாளா ஆறு ஸ்ட்ரிங்தான் வாசிச்சேன், போன மாசம் முதல் செவன் ஸ்ட்ரிங் வாங்கினேன். 25.5 இன்ச் ஸ்கேல் (அதாவது கம்பி நீளம்), ஃபிக்ஸட் பிரிட்ஜ், ரெண்டு ஹம்பக்கர் பிக்கப். பெட்டிய திறந்தப்ப இருந்த சந்தோஷம் ஒரே வாரத்துல வடிஞ்சிடுச்சு. நெக் ரொம்ப அகலம், ஆறாவதுன்னு நெனச்சு அடிச்சா ஏழாவது சத்தம் போடுது. அந்த ஏழாவது கம்பி, லோ பி, தொளதொளன்னு இருக்கு, டிஸ்டார்ஷன் போட்டா எந்த நோட்டுன்னே தெரியல, வெறும் உறுமல்தான். அம்மா வீணை சொல்லிக் குடுக்கிறவங்க, அவங்க கேட்டுட்டு "அந்தக் கம்பில சுருதியே நிக்கலையேடா"ன்னுட்டாங்க. ஃப்ரெண்ட்ஸ் என்னடான்னா "நீ மெட்டலும் வாசிக்கிறதில்ல, உனக்கு எதுக்கு இது, வித்துட்டு நல்ல ஆறு ஸ்ட்ரிங்கா வாங்கு"ன்றாங்க. இன்னொருத்தன் வாங்குனதுதான் வாங்குன, எட்டு ஸ்ட்ரிங்கே வாங்கியிருக்கலாமேன்றான். என்ன பண்ணட்டும் அண்ணா?

– ச., திருச்சி

அன்புள்ள ச.,

வித்துடாதீங்க தம்பி. ஒரு மாசத்துல முடிவு பண்ற விஷயமே இல்ல இது. உங்க லெட்டர் முழுக்க அந்த ஏழாவது ஸ்ட்ரிங்கோட சத்தம் பத்தி மட்டும்தான் இருக்கு, அது மத்த ஆறு ஸ்ட்ரிங்க என்ன பண்ணுதுன்னு ஒரு வரி கூட இல்ல. என்னைக் கேட்டா செவன் ஸ்ட்ரிங்கோட விஷயமே அங்கதான் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல உங்க கம்ப்ளெயின்ட்ட பாத்துருவோம்.

நெக் அகலம் பெரிய பிரச்சனை இல்ல. ஐபனேஸ் மாதிரி கிடார்ல ஆறு ஸ்ட்ரிங்குக்கு நட் (நெக்கோட தலைப்பக்கம் கம்பிங்க உக்கார்ற பட்டை) 43 மில்லிமீட்டர், ஏழுக்கு 48, அஞ்சு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்ட்ராப்ப கொஞ்சம் மேல ஏத்திட்டு, கட்டை விரல நெக்குக்கு மேல எட்டிப் பாக்க விடாம பின்னாடி நடுவுல வச்சா கை தானா பழகிடும். நான் முதல் முதல்ல செவன் ஸ்ட்ரிங்க எடுத்தப்ப கைய விட கண்ணுதான் ரொம்ப தடுமாறுச்சு, ஏன்னா நாம இத்தனை வருஷமா மேல் ஓரத்துல இருக்கிற தடிமன் கம்பியதான் ஈன்னு பாத்துப் பழகியிருக்கோம், இப்ப அந்த ஓரத்துல வேற கம்பி உக்காந்திருக்கு. அதனால மேல இருந்து எண்ணாதீங்க, கீழ மெல்லிசு கம்பில இருந்து எண்ணுங்க, அந்தப் பக்கம் எதுவும் மாறல. இன்னொன்னு, பி கம்பிக்கும் ஈ கம்பிக்கும் நடுவுல இருக்கிறது ஃபோர்த்துதான் (அஞ்சு ஃப்ரெட் தூரம்), ஈ-ஏ, ஏ-டி மாதிரியே, அதனால உங்களுக்குத் தெரிஞ்ச பவர் கார்டு, ஸ்கேல் ஷேப் எல்லாம் அப்படியே ஒரு கம்பி மேல தள்ளி வேலை செய்யும், புதுசா ஒரு ஷேப் கூட மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

தப்பா ஏழாவது அடிபடுறதுக்கு வழி இடது கைலதான் இருக்கு. ஆறாவது ஸ்ட்ரிங்ல ரூட் புடிக்கும்போது அந்த விரல் நுனி ஏழாவத லேசா தொட்டுட்டு இருக்கணும், அழுத்தக் கூடாது, தொட்டாப் போதும். ஓப்பன் கார்டுதான் கவனமா இருக்க வேண்டிய இடம். ஈ மைனர், ஜி எல்லாத்துக்கும் அடியில லோ பி கேட்டாலும் அழகாதான் இருக்கும், அது அந்த கார்டுலயே இருக்கிற நோட்டு. சி மேஜருக்கும் எஃப் மேஜருக்கும் கேட்டா கடிக்கும். நீங்க இவ்ளோ நாளா வாசிச்ச பாட்டுல சி, எஃப் நெறைய வரும், அதனாலயே "இது என்னடா கிடாரு"ன்னு தோணியிருக்கும்.

இப்ப அந்த உறுமல். லோ பியோட ஃப்ரீக்வென்சி 61.74 ஹெர்ட்ஸ். கிடார் ஆம்ப்ல வர்ற 12 இன்ச் ஸ்பீக்கர்லயே ரொம்ப பிரபலமான செலஸ்ஷன் விண்டேஜ் 30க்கு கம்பெனி குடுத்திருக்கிற ரேஞ்சே 70 ஹெர்ட்ஸ்ல இருந்துதான் ஆரம்பிக்குது. அதாவது அந்த நோட்டோட அடிப்படை ஸ்ருதி ஸ்பீக்கர்ல இருந்து சரியா வெளிய வர்றதே இல்ல, அதுக்கு மேல இருக்கிற 123, 185 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ கேட்டு நம்ம காதுதான் கீழ இருக்கிறத நிரப்பிக்குது. உங்க வீட்ல இருக்கிறது சின்ன பிராக்டிஸ் ஆம்ப்னா இன்னும் மோசம். இதுக்கு மேல டிஸ்டார்ஷன் போட்டு லோ பில பவர் கார்டு அடிச்சா என்ன ஆகும்னா, பி 61.74, எஃப் ஷார்ப் 92.5, டிஸ்டார்ஷன் இந்த ரெண்டோட வித்தியாசத்தையும் ஒரு நோட்டா உருவாக்கும், அது கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ், இன்னும் ஒரு ஆக்டேவ் கீழ. அதுதான் நீங்க கேக்குற உறுமல், கிடார்ல கோளாறு எதுவும் இல்ல.

எல்லாரும் இந்த இடத்துல பேஸ் நாப கூட்டுவாங்க, செய்ய வேண்டியது நேர் எதிர், டிஸ்டார்ஷனுக்கு போறதுக்கு முன்னாடியே பேஸ வெட்டணும். மெட்டல் வாசிக்கிறவங்க ஹை கெயின் ஆம்ப்புக்கு முன்னாடி டியூப் ஸ்க்ரீமர்ன்ற ஓவர்டிரைவ் பெடல் வைக்கிறது இதுக்குத்தான், அதோட சர்க்யூட் 720 ஹெர்ட்ஸ்க்கு கீழ படிப்படியா குறைச்சிட்டுதான் உள்ள அனுப்பும். டிரைவ் நாப ஜீரோ பக்கத்துல வச்சு லெவல மட்டும் ஏத்துங்க. லேப்டாப்ல ப்ளகின் வச்சு வாசிக்கிறீங்கன்னா முன்னாடி அடி ஃப்ரீக்வென்சிய வெட்டுற ஹை பாஸ் ஃபில்டர் ஒன்னு போட்டாலும் சரி. கெயின இப்ப வச்சிருக்கிறதுல பாதிக்கு கொண்டு வாங்க, நோட்டு எல்லாம் தனித்தனியா தெரிய ஆரம்பிக்கும்.

உங்க அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி, அவங்க காதுக்கு என் வணக்கம். தளர்வா இருக்கிற தடிமன் கம்பிய ஓங்கி அடிச்சா அடிச்ச நொடில ஸ்ருதி மேல ஏறிட்டு அப்புறம்தான் கீழ வந்து உக்காரும், ட்யூனர் முள்ளுல கூட அது தெரியும். ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, கம்பிய மாத்துறது. நெறைய செவன் ஸ்ட்ரிங்ல ஃபேக்டரில இருந்து ஏழாவது 54 கேஜ்லதான் (கம்பியோட தடிமன் அளவு) வருது, 25.5 ஸ்கேலுக்கு அது எனக்கு பத்தாது, 59 இல்லன்னா 62 போட்டுப் பாருங்க. ஸ்கேல் நீளமானாலும் டென்ஷன் ஏறும், நீளத்தோட வர்க்கத்துல ஏறும், அதே கம்பிய அதே ஸ்ருதில 27 இன்ச் கிடார்ல போட்டா 12 சதவீதம் கூட இறுக்கமா இருக்கும். ஆனா மெல்லிசு கம்பியும் சேந்து இறுகும், பெண்ட் பண்றவங்களுக்கு அது கஷ்டம், அதனாலதான் தடிமன் கம்பிக்கு நீளம் மெல்லிசுக்கு குட்டைன்னு விசிறி மாதிரி ஃப்ரெட் போட்ட மல்டி ஸ்கேல் கிடார் வருது, ரால்ஃப் நோவக் 1989லயே அதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு. நீங்க அதுக்கெல்லாம் இப்ப போக வேண்டாம். ரெண்டாவது வழி உங்க வலது கை, அந்தக் கம்பிய மத்ததுல பாதி பலத்துல அடிங்க, நீங்க நிஜமா வாசிக்கிற பலத்துல அடிச்சே ட்யூன் பண்ணுங்க. எனக்கு கம்பி மாத்துனத விட இதுதான் அதிகமா உதவுச்சு.

சரி, மெட்டல் வாசிக்கலன்னா இது எதுக்குன்னு கேக்குற உங்க ஃப்ரெண்ட்ஸ்க்கு வருவோம். கிடாரிஸ்ட் ஸ்டீவ் வையோட சேந்து ஐபனேஸ் யூனிவர்ஸ்னு செவன் ஸ்ட்ரிங் மாடல கொண்டு வந்தது 1990, கோர்ன்ற மெட்டல் பேண்டோட முதல் ஆல்பம் 1994, அதுக்கு அப்புறம்தான் செவன் ஸ்ட்ரிங்னாலே மெட்டல்னு ஆச்சு. ஆனா ஜார்ஜ் வான் எப்ஸ்னு ஒரு ஜாஸ் கிடாரிஸ்ட், 1930கள் கடைசிலயே எபிஃபோன் கிடார் கம்பெனிகிட்ட சொல்லி ஏழு ஸ்ட்ரிங் கிடார் செஞ்சு வாங்கி, அடியில லோ ஏ வச்சு, பேஸ் லைன், கார்டு, மெலடி மூணையும் ஒரே ஆளா வாசிச்சிட்டு இருந்தாரு. பிரேசில்ல சோரோ, சம்பான்னு அந்த ஊர் இசை வாசிக்கிறவங்ககிட்ட ஏழு கம்பி கிடார் இருக்கு, டினோ சேச்சி கோர்டாஸ்னு ஒரு மேதை, பேர்லயே ஏழு கம்பி இருக்கு, பாட்டுக்கு அடியில கட்டை விரலாலயே இன்னொரு பாட்டு ஓட்டுவாரு, அவர் வாசிச்சதக் கேட்டா லோ ஸ்ட்ரிங்னா உறுமுறதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ரஷ்யாலயும் 19ம் நூற்றாண்டுல ஏழு கம்பி கிடார்தான் பரவலா இருந்துச்சு, ஓப்பன் ஜி ட்யூனிங்ல.

இத படிச்சிட்டு அப்படியே விட்டுடாம உங்க கிடார்ல ஒன்னு பண்ணுங்க. ஆம்ப் க்ளீன்ல, பிக் வேண்டாம், விரல். ஆள்காட்டி விரல ஏழாவது ஃப்ரெட்ல மூணாவது, ரெண்டாவது ஸ்ட்ரிங் மேல படுக்க வைங்க. நாலாவது ஸ்ட்ரிங்ல ஒன்பதாவது ஃப்ரெட்ட மோதிர விரலால புடிங்க. நடு விரல ஏழாவது ஸ்ட்ரிங் எட்டாவது ஃப்ரெட்ல வைங்க. கட்டை விரலால பேஸ், மூணு விரலால மேல, சேத்து அடிங்க. ஜி மேஜர் செவன். ஆறு ஸ்ட்ரிங்ல அந்த லோ ஜி மூணாவது ஃப்ரெட்ல மட்டும்தான் இருக்கு, அங்க போனா இந்த மூணு நோட்டும் இதே இடத்துல கைக்கு எட்டாது, வேற கம்பிங்கள்ல வேற ஷேப்லதான் புடிக்கணும். இப்ப மேல எதையும் அசைக்காம நடு விரல மட்டும் பக்கத்துல ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு நகத்துங்க, அதே எட்டாவது ஃப்ரெட். பேஸ் சி ஆயிடுச்சு, மேல அதே நோட்டுதான், ஆனா கார்டோட நெறமே மாறிடுச்சு, லிடியன்னு சொல்ற ஸ்கேலோட வாசம் வரும். இந்த ரெண்டையும் மாத்தி மாத்தி மெதுவா வாசிச்சிட்டே இருங்க. எனக்கு செவன் ஸ்ட்ரிங் புரிஞ்சது இந்த மாதிரி ஒரு இடத்துலதான், அது லோ நோட்டுக்காக இல்ல, நெக்கோட நடுவுல உக்காந்துகிட்டே அடிவரைக்கும் கை எட்டுது பாருங்க, அதுக்காக.

உங்க வீட்ல வீணை இருக்கிறதால இதையும் சொல்லணும், இத நெனச்சாலே எனக்கு உற்சாகமா இருக்கு. ஈய ஸா வச்சுக்கோங்க, 3 கட்டை. ஆறு ஸ்ட்ரிங் கிடார்ல ஓப்பன் ஆறாவதுதான் கீழ்ஸ்தாயி ஸா, அதோட முடிஞ்சது, கீழ போக இடமே இல்ல, அந்த ஸாவுக்கு அடியில பா, தா, நி எதுவும் கிடையாது, ராகம் அதையும் தாண்டி கீழ இறங்குற எல்லா இடத்துலயும் மேல தூக்கி வாசிக்க வேண்டியதுதான். இப்ப உங்க ஏழாவது ஸ்ட்ரிங் பி, அதாவது அந்த ஸாவுக்கு கீழ இருக்கிற பா. அம்மாகிட்ட வீணையோட நாலு வாசிப்புத் தந்தியும் என்னென்னன்னு கேளுங்க, ஸா, பா, கீழ்ஸ்தாயி ஸா, அதுக்கும் கீழ அனுமந்திர பா. உங்க கிடாரோட அடி ரெண்டு கம்பியும் ஸ்டாண்டர்ட் ட்யூனிங்லயே அந்த உறவுலதான் நிக்குது, ஒன்னையும் மாத்த வேண்டாம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி இருக்கிற மாண்டலின விட்டுட்டு எலெக்ட்ரிக்ல அஞ்சு ஒத்தைக் கம்பி வச்சு வாசிச்சாரே, கர்நாடக சங்கீதத்துக்கு அந்த ரேஞ்ச் வேணும்ல. நம்ம ஊர்ல எக்ஸ்டெண்டட் ரேஞ்ச்னா (கூடுதல் கம்பி வச்சு ஸ்தாயிய விரிக்கிறது) எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அவர்தான். தோடியோ பைரவியோ அம்மாவ மந்திர ஸ்தாயில ஒரு ஆலாபனை வாசிக்கச் சொல்லி, நீங்க க்ளீன் டோன்ல அந்த ரெண்டு கம்பிலயே பின்னாடி போய்ப் பாருங்க. ஏழாவது ஓரத்துல இருக்கிறதால கமகத்துக்கு உள்பக்கமாதான் இழுக்க முடியும், கொஞ்சம் தளர்வா இருக்கிறது அங்க உதவியாதான் இருக்கும், அதனால 62க்கு தாவறதுக்கு முன்னாடி 59லயே நின்னு பாருங்க.

எட்டு ஸ்ட்ரிங் பத்தி சுருக்கமா. அதோட எட்டாவது எஃப் ஷார்ப், 46.25 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரோட ஈ 41.2. ஒரே ஒரு டோன்தான் வித்தியாசம், அப்ப பேண்ட்ல பேஸ் வாசிக்கிறவர் எங்க போவாரு? அதுக்குன்னே யோசிச்சு எழுதுனாதான் அது நிக்கும். மெஷுகான்ற மெட்டல் பேண்ட் அப்படி எழுதுனாங்க, அவங்களே 2002 ஆல்பத்துக்கு எட்டு ஸ்ட்ரிங் சரியா அமையாம ஏழு ஸ்ட்ரிங்க இறக்கி ட்யூன் பண்ணி ரெக்கார்ட் பண்ணிட்டு, 2006ல எட்டு ஸ்ட்ரிங்ல கிடார மறுபடி வாசிச்சு வெளியிட்டாங்க. கிடாரிஸ்ட் டோசின் அபாசி வேற மாதிரி, தம்ப் (கட்டை விரலால கம்பிய அடிக்கிறது) எல்லாம் போட்டு எட்டையும் தனி வாத்தியமாவே ஆக்கிட்டாரு. ரெண்டு பேரையும் கேளுங்க, ஆனா நட் 55 மில்லிமீட்டர், ஸ்கேல் பெரும்பாலும் 27 இன்ச் இல்ல அதுக்கும் மேல, உங்க கை இப்ப இருக்கிற நிலைமைல அது வேண்டாம், உங்களுக்கு வேண்டிய இடமெல்லாம் ஏழுலயே இருக்கு.

கம்பி மாத்தும்போது ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க, 54க்கு வெட்டுன நட்ல 59 சில சமயம் இறுகிக்கும், ட்யூன் பண்றப்ப டிங்குன்னு சத்தம் வந்தா அதுதான். நீங்களே அரத்த எடுத்து ராவாதீங்க, அதிகமா ராவிட்டா நட்டையே மாத்தணும், கிடார் சர்வீஸ் பண்றவர்கிட்ட குடுங்க, கையோட இன்டொனேஷனும் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கிறது) சரி பண்ணித் தரச் சொல்லுங்க, தடிமன் கம்பிக்கு பிரிட்ஜ்ல அது உக்கார்ற சேடில் இன்னும் பின்னாடி போக வேண்டியிருக்கும். கம்பி டென்ஷன் கூடுறதால நெக்கும் கொஞ்சம் வளையும், அத நிமித்துற ட்ரஸ் ராட் வேலையும் அதே ஆள்கிட்டயே. எல்லாம் முடிச்சிட்டு அந்த ஜி மேஜர் செவன் எப்படி கேக்குதுன்னும், அம்மா என்ன ராகம் எடுத்தாங்கன்னும் எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்