கேள்வி - பதில்: அழகான படிகம், மங்கலான புள்ளிகள்

கேள்வி: டி.ஆர்.என்.ஏ. (செல்லில் புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ.) படிகம் நன்றாக வளர்கிறது. எக்ஸ் கதிரில் வைத்தால், கதிர் சிதறிப் பதியும் புள்ளிகள் படத்தின் விளிம்புவரை போகாமல் நடுவிலேயே மங்கிவிடுகின்றன. ஏன்?

பதில்: உள்ளே மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை. முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள். வேறு வகை டி.ஆர்.என்.ஏ. கலந்திருந்தாலோ, ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி துளி ஒட்டியிருந்தாலோ எந்த வித்தையும் பலிக்காது. டி.ஆர்.என்.ஏ.வில் உள்ள ஃபாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால், அதைத் தணிக்க மக்னீசியம் அவசியம். 10 மில்லிமோலார் அளவில் தொடங்கலாம். அதோடு ஸ்பெர்மின் (நேர்மின்னூட்டம் கொண்ட சிறு கரிம மூலக்கூறு) சேருங்கள். ஈஸ்ட்டில் ஃபீனைலலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வுக்கு (76 நியூக்ளியோடைடு, அதாவது 76 கண்ணிகள் கொண்ட சங்கிலி) நல்ல படிகம் கிடைக்க வழி திறந்ததே அதுதான்! 1974இல் 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் அதன் 'எல்' வடிவ மடிப்பு தெளிவானது.

அடுத்த தலைவலி, சிதறிய எக்ஸ் கதிர் அலைகளின் கட்டம், அதாவது அலையின் முகடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. புள்ளியின் பிரகாசத்தை அளக்கலாம், கட்டத்தை அளக்க முடியாது. பிளாட்டினம், ஆஸ்மியம் போன்ற கன அணுக்கள் உள்ள கரைசலில் படிகத்தை ஊறவைத்துக் கட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஊறும்போது அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமைப்பின்) அளவு மாறினால் அந்தப் படிகத்தை ஒதுக்கிவிட்டு, கன அணுக் கரைசலின் செறிவைக் குறைத்து மீண்டும் முயலுங்கள்.