பாதி அறுந்த பிணைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கரிம வேதிவினைகளைக் கணினியில் ஆராயும் வேதியியலாளர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: குடுவையில் கலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

பதில்: கலக்கினால் என்ன கிடைத்தது என்று தெரியும். எந்த வழியாக வந்தது என்று தெரியாதே! ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாறும்போது, பழைய பிணைப்பு பாதி அறுந்தும் புதுப் பிணைப்பு பாதி உண்டாகியும் ஒரு நிலை வரும். டிரான்சிஷன் ஸ்டேட் என்போம். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உள்ள கணவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடி கூறுகளாக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு கூறுதான் அதன் ஆயுள். பிடித்து வைத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது அந்தக் கணவாயின் உயரத்தைப் பொறுத்தது. அறை வெப்பநிலையில் மோலுக்கு 1.4 கிலோகலோரி கூடினால் போதும், வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரே கலவையிலிருந்து இரண்டு பொருள்கள் வர வாய்ப்பிருந்தால், எது அதிகம் வரும் என்பதும் இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் முடிவாகிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எப்படிச் சொல்கிறீர்கள்? – ஒரு முதுகலை மாணவி

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாடப்புத்தக உதாரணமான டீல்ஸ்–ஆல்டர் வினையை எடுத்துக்கொள்வோம். 1928-ல் வெளிவந்தது, 1950-ல் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. பியூட்டாடையீனும் எத்திலீனும் சேர்ந்து ஆறு கார்பன் வளையமாக வேண்டும். முழுதாக உருவான கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். நான் இரண்டு மூலக்கூறுகளையும் 2.2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அங்கிருந்து தேடு என்று கணினியிடம் சொல்வேன்.

கணக்கு முடிந்ததும் முதலில் பார்ப்பது மூலக்கூறு அதிரும் விதங்களுக்கான அதிர்வெண்களின் பட்டியலைத்தான். அதில் ஒரே ஒரு எண் மைனஸ் குறியோடு நிற்க வேண்டும். கணவாயில் நிற்பவருக்கு ஒரு திசையில் மட்டும்தான் சரிவு, அதன் அடையாளம் அது. மைனஸ் இரண்டு இருந்தால் கணவாய்க்குப் பதில் ஏதோ மேட்டில் ஏறி நிற்கிறோம். ஒன்றே ஒன்று இருந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. அந்த அதிர்வைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சேர வேண்டிய கார்பன்கள் நெருங்கி விலகினால் சரி. இது பெரும்பாலும் மைனஸ் ஐந்நூறு சொச்சமாக வரும். மைனஸ் முப்பது என்று வந்து, எங்கோ ஓரத்தில் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நாள் போச்சு. அப்புறம், அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கிப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் நாம் தொடங்கிய பொருளுக்கும் மறுபக்கம் விளைபொருளுக்கும் போய்ச் சேர்கிறதா என்று. அந்தப் பாதைக்கு வரையறை கொடுத்தவர் ஜப்பானின் கெனிச்சி ஃபுக்குய். ஆய்வேடுகளைப் படிக்கும்போது இந்த இறங்கும் சோதனை செய்யப்பட்டதா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

பதில்: பென்சில் வைத்திருந்தார்கள். 1965-ல் உட்வர்டும் ஹாஃப்மனும் ஆர்பிட்டால்களின், அதாவது மூலக்கூறில் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் வடிவங்களின், சமச்சீரை மட்டும் வைத்தே, ஒரு வளையம் மூடும்போது முனைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் நான் கணக்கை ஓடவிடும் முன் அந்த ஆர்பிட்டால் படத்தைத்தான் தாளில் போட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி: சோதனை ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது. நீங்கள் யார் பக்கம்?

பதில்: வழக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மெத்திலீன் என்று ஒன்று உண்டு: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். நிறமாலையியலில் மாபெரும் பெயரான ஹெர்ஸ்பெர்க், தன் அளவீடுகளிலிருந்து அது ஏறக்குறைய நேர்கோடு என்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 1960-ல், ஃபாஸ்டரும் பாய்ஸும் கணக்கிட்டு வளைந்தது, இரண்டு பிணைப்புகளுக்கு இடைக் கோணம் 129 டிகிரி என்று சொல்லியிருந்தார்கள். அன்றைய கணக்கை யார் நம்புவார்கள்? 1970-ல் பெண்டரும் ஷேஃபரும் இன்னும் நல்ல கணக்கோடு வந்து 135 டிகிரி என்றார்கள். அதே ஆண்டு வேறு வகைச் சோதனைகளும் வளைவை உறுதி செய்தன. ஹெர்ஸ்பெர்க் தன் நிறமாலையைத் திரும்ப ஆராய்ந்து, ஆமாம், வளைந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். 1971-ல் அவருக்கு நோபல் பரிசு. பதிவு சரியாகத்தான் இருந்தது, அதற்குச் சொன்ன பொருள்தான் மாறியது.

இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் ரொம்பத் துள்ளக் கூடாது. மோரிட்டா–பேலிஸ்–ஹில்மன் என்று கார்பன்–கார்பன் பிணைப்பு உண்டாக்கும் ஒரு வினைக்குப் பல குழுக்கள் கணக்குப் போட்டு, ஆல்கஹால் மூலக்கூறு ஒரு புரோட்டானை ஒரு கையில் வாங்கி மறுகையில் கொடுக்கிறது என்று அழகழகாகப் படம் வரைந்தன. 2015-ல் பிளாட்டாவும் சிங்கிள்டனும் சலிக்காமல் சோதனை செய்து, நடப்பது சாதாரண அமில–காரப் பரிமாற்றம்தான் என்று காட்டினார்கள். முறைக்கு முறை கணக்கின் விடையும் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வித்தியாசப்பட்டது. கரைசலில் மூலக்கூறுகள் ஒன்றுசேரும்போது எண்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) எவ்வளவு குறையும் என்பதை நாங்கள் இன்றும் சுமாராகத்தான் மதிப்பிடுகிறோம். மெத்திலீன் வெற்றிடத்தில் தனியாகக் கிடந்தது, இது கரைப்பானுக்குள் நடந்தது. என் மனத்தராசு சாய்வது இந்த வித்தியாசத்தில்தான்: முன்னதில் கணக்கின் பக்கம், பின்னதில் சோதனையின் பக்கம்.

கேள்வி: மிகத் துல்லியமான முறையையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் என்ன?

பதில்: ஆசைதான். தங்கத் தரம் என்று நாங்கள் கொண்டாடும் கப்பிள்டு கிளஸ்டர் முறையில் மூலக்கூறின் அளவு இரட்டிப்பானால் வேலை 128 மடங்காகும். அதனால்தான் எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் டிஎஃப்டி. அதற்கு 1964, 65-ல் அடித்தளம் போட்ட கோனும், கணக்கிடும் முறைகளை வளர்த்த போப்பிளும் 1998-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். டிஎஃப்டியில் எந்த வகை என்று கேட்டால் சண்டை வரும். பல பத்தாண்டுகளாக ஓடும் பி3லிப் என்ற வகையைத் திருத்தம் ஏதும் சேர்க்காமல் பெரிய மூலக்கூறுக்குப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். மூலக்கூறுகளுக்கு இடையிலான மென்மையான ஈர்ப்பு அதன் கண்ணில் படவே படாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறித்துவிடுமா?

பதில்: சலிப்பூட்டும் பகுதியைப் பறித்தால் சந்தோஷம். அது படித்த பாடம் பெரும்பாலும் எங்கள் டிஎஃப்டி கணக்குகள்தான். அதிலும் நிலையான மூலக்கூறுகளே அதிகம். பாதி அறுந்த பிணைப்பைப் பார்த்தால் இன்னும் தடுமாறுகிறது.

கேள்வி: சொந்தக் கணினியில் நானே செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. கணக்குப் போடும் மென்பொருள்களில் சை4 எல்லாருக்கும் இலவசம். ஆர்கா கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். படம் வரைய அவகாட்ரோ இருக்கிறது. எடுத்தவுடன் பெரிய வினைக்குப் போகாதீர்கள், ஈத்தேனில் தொடங்குங்கள். இரண்டு மெத்தில் முனைகளின் ஹைட்ரஜன்களும் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்து அதிர்வெண் கணக்கிடுங்கள். ஒரு மைனஸ் வர வேண்டும். பிறகு அவை விலகி நிற்கும் அமைப்பின் ஆற்றலைக் கழித்தால் 3 கிலோகலோரிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பன்னிரண்டு பதினைந்து என்று வந்தால் எதையும் கண்டுபிடித்துவிட்டதாக எழுதி அனுப்பாதீர்கள், ஹைட்ரஜன்களை எண்ணிப் பாருங்கள்.