அலர்ஜி டெஸ்ட் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கேள்வி: காலையில் எழுந்தவுடன் தும்மல். இரண்டு மாதமாகக் காணாக்கடி போல உடம்பில் தடிப்பு வந்து வந்து மறைகிறது. ஒரே ரத்த மாதிரியில் இருநூறுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு அலர்ஜி பார்ப்பதாக விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா?

பதில்:

எடுக்காதீர்கள். இப்படி நூற்றுக்கணக்கில் உணவுகளை அடுக்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. அரிசி, பால், தக்காளி என்று தினமும் தட்டில் விழுவதெல்லாம் சிவப்பு மையில் வரும். அப்புறம் எதைத்தான் சாப்பிடுவீர்கள்?

சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடித்து, மூச்சிரைக்கும் வகை ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்பொருளை. அதை ரத்தத்திலும் பார்க்கலாம், தோலில் குத்தியும் பார்க்கலாம். நான் பார்த்தது தோலில்.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். இல்லை. தூத்துக்குடியில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் ஊசி ஏறியது என் கையில்.

எனக்குப் பல வருடத் தும்மல், கூடவே மூச்சிழுப்பு. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஸ்கின் பிரிக் டெஸ்டுக்கு நாள் குறித்தார்கள். எந்த மாத்திரையையாவது நிறுத்த வேண்டுமா என்று போனில் கேட்டேன். "ஒன்றும் வேண்டாம் சார், சாப்பிட்டுவிட்டே வாருங்கள்" என்றது வரவேற்பு. பஸ் ஏறிப் போய், பணம் கட்டி, கையை நீட்டி உட்கார்ந்தேன். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நுனி ஊசியால் லேசாகக் குத்தினார்கள். வலி ஒன்றுமில்லை. பதினைந்து, இருபது நிமிடத்தில் பார்த்தால் எதுவுமே தடிக்கவில்லை. ஹிஸ்டமின் சொட்டுகூடத் தடிக்கவில்லை. அது யார் கையிலும் தடிக்க வேண்டிய சொட்டு. பரிசோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கவே அதை வைப்பார்கள்.

"நேற்று என்ன மாத்திரை போட்டீர்கள் சார்?" என்றார் நர்ஸ்.

"இழுப்புக்குப் போடுவதுதான்."

அட்டையைக் காட்டினேன். மாண்டெலூகாஸ்டோடு லெவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரை. மாண்டெலூகாஸ்ட் மட்டும் என்றால் பெரிதாகத் தொந்தரவில்லை. லெவோசெட்ரிசின் அலர்ஜி மருந்து; தோல் தடிப்பதை அது அமுக்கிவிடும். பெயரின் வாலில் 'எல்.சி.' என்று இருந்தால் பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான். செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, சில இருமல் மருந்து, மனச்சோர்வு மாத்திரைகளில் சில, எல்லாமே இப்படித்தான். அலர்ஜி மாத்திரையை வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மற்றவற்றை, முக்கியமாக இன்ஹேலரையும் ரத்த அழுத்த மாத்திரையையும், நீங்களாக நிறுத்தாதீர்கள். என்னென்ன போடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொன்னால் போதும். ரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பவும் போனேன். டோக்கன் வாங்கிக் காலையிலிருந்து காத்திருப்பவர்களைத் தாண்டி, தோல்பையும் டையுமாக மருந்துக் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. இழுத்துக்கொண்டு கிடக்கும் குழந்தையோடு ஒரு தாய் வெளியே நிற்கும்போது உள்ளே விட்டவர்களைத்தான் சொல்கிறேன். இதற்கு ஒரு தனி நேரம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? சரி, விடுங்கள்.

இந்த முறை நன்றாகவே தடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டைவிட 3 மி.மீ. அதிகம் தடித்தால் பாசிட்டிவ். தூசி உண்ணி, கரப்பான், இறால் மூன்றும் பாசிட்டிவ். உடனே ஒருவர் அச்சடித்த தாளை நீட்டினார்: இறால், நண்டு இனி கூடாது. தூத்துக்குடிக்காரனிடம்!

நல்லவேளை, பெரிய டாக்டர் கேட்டார்: "கடைசியாக இறால் சாப்பிட்டது எப்போது?"

"ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்."

"என்ன ஆயிற்று?"

"இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது."

சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார். ட்ரோபோமயோசின் என்ற ஒரு புரதம் இறாலிலும் இருக்கிறது, தூசி உண்ணியிலும் கரப்பானிலும் கிட்டத்தட்ட அதே சாயலில் இருக்கிறதாம். உண்ணிக்காக உருவான எதிர்ப்பொருள் இறாலைப் பார்த்தும் கை தூக்கும். பாசிட்டிவ் என்றால் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்றும் இறால் தொக்கு என் வீட்டில் நடக்கிறது.

உடனே இதைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை தொண்டை வீங்கியவரோ மூச்சுத் திணறியவரோ வீட்டில் சோதித்துப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அவர்களுக்கு உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அதை, கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவமனையில்தான் செய்வார்கள்.

இனி உங்கள் தடிப்பு. ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போகும் காணாக்கடிக்கு, பெரும்பாலும் வெளியிலிருந்து எந்த உணவும் காரணமாக இருப்பதில்லை. அதற்காக உணவுப் பட்டியல் பரிசோதனை செய்வது வீண் செலவு. தலைச்சாயம், கவரிங் நகை பட்ட இடத்தில் மட்டும் அரித்துப் புண்ணானால் அது வேறு கதை. அதற்குப் பேட்ச் டெஸ்ட்; முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்து, எடுத்த பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள், அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது.

தும்மலுக்கு மட்டும் ஒரு அலர்ஜி மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். தூசி, கரப்பான், மகரந்தம் என்று தேவையானதை அவரே எழுதித் தருவார். போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நினைவிலிருந்து பெயர் சொல்ல வேண்டாம்.