சமூக இயக்கங்களையும் பாலினத்தையும் ஆராயும் அரசியல் அறிவியலாளர் என்னதான் செய்கிறார்?

மக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மாற்றத்துக்காக நீண்ட நாள் போராடினால் அது சமூக இயக்கம். ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் வகுத்து வைத்திருப்பது பாலினம். இரண்டும் எங்கே உரசுகின்றன என்று பார்ப்பதுதான் இவர் வேலை; முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கும் தேடல் பழைய துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், மணிக்கணக்கில் நீளும் நேர்காணல்கள் என்று பல ஆண்டுகள் போகும், அப்புறம்தான் கட்டுரை, புத்தகம், வகுப்பறை எல்லாம்.

சரி, ஏன் இரண்டையும் சேர்த்து? வீடு மாற்றும்போது பெட்டி தூக்குபவர் கண்ணில் படுவார், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதைக் கட்டி வைத்தவர் படமாட்டார். போராட்டங்களிலும் மேடையில் பேசியவர் பெயர்தான் நிற்கும்; பின்னால் உழைத்தவர்கள், பல சமயம் பெண்கள், கண்ணில் படமாட்டார்கள்.

1977-இல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி, கூட்டமாக நிற்கத் தடை. ராணுவ ஆட்சி பிடித்துப்போய்க் காணாமல்போன பிள்ளைகளைத் தேடிய அம்மாக்கள் பியூனஸ் அயர்ஸின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். 'அம்மா' என்ற அடையாளம்தான் அவர்களுடைய பலம். அதுவும் முழுசாகக் காக்கவில்லை, அதே ஆண்டு டிசம்பரில் அவர்களில் மூவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். இந்த முரணை விட்டுவிட்டு அந்தப் போராட்டத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று நினைக்கிறேன்.

பாலினம் என்றாலே பெண்களைப் பற்றிய படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 'ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்' என்ற எதிர்பார்ப்பு ஓர் இயக்கத்தை வன்முறைப் பக்கம் தள்ளுகிறதா என்பதும் இதே துறையின் கேள்விதான்.