பழைய ஜீப்பின் லாக்கிங் ஹப் தேய்ந்துவிட்டால் சரிசெய்து ஓட்டலாமா, புதிதாகவே மாற்ற வேண்டுமா?

முன் சக்கரத்தை, அதைச் சுழற்றும் ஆக்சில் தண்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவதுதான் லாக்கிங் ஹப். கழற்றிப் பார்க்காமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே பல் தேய்ந்திருந்தால், வெல்டிங் வைத்து ராவி மறுபடி மாட்டுகிற வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நான் சம்மதித்தேன். ஒன்பது பெண்களை ஏற்றிய வண்டியைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

நான் மெக்கானிக் இல்லை. போடியில் வீடு, மலைக்கு மேலே கேரளப் பக்கம் பூப்பாறைக்கு அருகே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். காய் எடுக்கும் மாதங்களில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்குகிற பழைய மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் அதில் கையால் திருகும் ஹப் மாட்டியிருந்தார். நீங்களும் இப்படிக் கைமாறி வந்த வண்டியைத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிய வண்டிக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஏற்றத்தில் இடது முன் சக்கரத்திலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. மலைமேல் ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியின் டி.என். 60 என்ற தமிழ்நாட்டு எண்ணைப் பார்த்துவிட்டு, "பாண்டி வண்டிக்கு இது போதும்" என்று, தமிழரை மட்டமாகச் சொல்லும் அந்தச் சொல்லை என் காதுபடவே சொல்லி, தேய்ந்த பற்களில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவி, ஹப்பின் கூடு நிறைய பேரிங் கிரீஸை அடைத்து மூடிக் கொடுத்தார்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. மேலே போனால் நாங்கள் பாண்டி, மதுரைக்குப் போனால், பேச்சில் நாலு சொல் கலந்துவிட்டது என்று "மலையாளத்துக்காரரா?" என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறையாக இரண்டு பக்கமும் உழைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் கேள்விக்கு நாங்கள் எந்த ஊரைத்தான் சொல்வது?

ஐப்பசி மழை. சாலையிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஏறும் மண்பாதை சேறாகிக் கிடந்தது. இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு, முன் சக்கர இழுவையைப் போட்டு ஏறினேன். பாதி ஏற்றத்தில் இடது ஹப்பிலிருந்து பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். இழுவை அப்படியே போய்விட்டது. பின் சக்கரங்கள் சேற்றில் சுழல, வண்டி பின்னோக்கி வழுக்கியது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. ஒரு பலா மரத்தின் அடியில் பின் சக்கரம் முட்டியதால் நின்றது. அந்த மரத்துக்கு அப்பால் பள்ளம். பின்னால் இருந்த மூத்த அக்கா, "தம்பி, எல்லோரையும் இறக்கிவிட்டு அப்புறம் வண்டியைப் பார்" என்றார். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வலது ஹப் நன்றாகத்தானே இருந்தது, அந்தச் சக்கரமாவது இழுத்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். இழுக்காது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கமே சுழலும். ஒரு ஹப் நழுவினால் அந்தப் பக்கத்து ஆக்சில் மட்டும் வெறுமனே சுற்றும், மறு பக்கச் சக்கரத்துக்கும் விசை போகாது.

கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஹப்பின் பற்கள் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடுகிறது. உடைந்த துண்டு ஒன்று பேரிங் வரை போயிருந்தது. கூடு நிறையத் திணித்த கிரீஸ் மழைக்காலக் குளிரில் இறுகியதால், உள்ளிருக்கும் வில் சுருள், பற்களைக் கோக்கும் வளையத்தை முழுதாகத் தள்ளவில்லை. பற்கள் பாதியளவே கோத்திருக்கின்றன. பாதி கோத்த பல்தான் முதலில் தேயும்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது சோதனை. இரண்டு முன் சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, கீழே தாங்கி வைத்துவிட்டு, ஹப்பைத் திறந்த நிலையில் விட்டுச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். உள்ளிருக்கும் ஆக்சில் சுழலக் கூடாது. பூட்டிச் சுழற்றினால் அதுவும் சேர்ந்து சுழல வேண்டும். நழுவினால் போல்ட்களைக் கழற்றி, உள் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். பற்களின் விளிம்பு கூர்மையாக இருந்து, பிசின் போல இறுகிய கிரீஸோ துருவோ மட்டும் இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. நைந்த ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் மாற்றி, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவி மூடிவிடலாம். பல் மழுங்கியிருந்தால் புதியது போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே போடுங்கள். ஒரே அளவு தேய்மானத்தில்தான் இரண்டும் ஓடியிருக்கும். ஆக்சில் நுனியில் இருக்கும் ஸ்பிளைன்களையும் (ஹப் கோக்கும் நீளவாட்டுப் பற்கள்) கையால் தடவிப் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் புதிய ஹப்பும் சீக்கிரம் கெடும்.

"ஹப்பே வேண்டாம், சக்கரத்தையும் ஆக்சிலையும் நிரந்தரமாகப் பிடிக்கும் தட்டை மாட்டு" என்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு அது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் தார்ச் சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டியில் முன் ஆக்சிலும் அதைச் சுழற்றும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களும் வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன், போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்குப் பழக்குவதற்காக இந்த ஹப்பைச் செய்ததே அந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கத்தான்.

ஹப்பைப் பூட்டும் திருகியைக் கையால் மட்டும் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் குறடு வைக்காமல், வண்டியை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்திவிட்டுத் திருப்புங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில், புதிய ஹப் போட்ட பிறகும், இடது பக்கம் இரண்டு போல்ட்கள் தளர்ந்திருந்தன.