எழுபது நாவல்களும் ஒரே வீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்பறியும் கதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஃபிலிஸ் விட்னி என்ற அமெரிக்க எழுத்தாளரைப் போகிறபோக்கில் பாராட்டியிருந்தீர்கள். தேடிப்பிடித்து அவருடைய இரண்டு நாவல்களைப் படித்தேன். இரண்டிலும் ஓர் இளம்பெண் முன்பின் தெரியாத பெரிய வீடு ஒன்றுக்கு வருகிறாள். அந்த வீட்டில் பழைய மரணம் ஒன்று மூடி மறைக்கப்பட்டிருக்கிறது. கடுகடுப்பான ஒருவன், இனிக்க இனிக்கப் பேசும் ஒருவன் என்று இரண்டு ஆண்கள். கடைசியில் கடுகடுப்பானவன்தான் நல்லவன். இரண்டாவது நாவலில் பாதி தாண்டுவதற்குள் கொலையாளி யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி எழுபதுக்கு மேல் எழுதியிருக்கிறாராம். இது எழுத்தா, உற்பத்தியா? நம்முடைய மாத நாவல்களை ஏளனமாகப் பேசுகிறவர்கள் வெளிநாட்டு எழுத்தாளர் என்றால் மட்டும் ஏன் இளகிவிடுகிறார்கள்?

நானும் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு காரமாகக் கேட்கிறேன். மூன்றாவதாக ஒன்றைப் படிக்கச் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். விட்னியின் முதல் புத்தகம் 1941இல் வந்தது, கடைசி நாவல் 1997இல். இடையில் 56 ஆண்டுகள். எழுபது சொச்சம் நாவல்களை அதில் வகுத்தால் ஆண்டுக்கு ஒன்றரைகூட வராது. அவற்றிலும் ஏறக்குறைய பாதி, சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்குமாக எழுதியவை. உற்பத்தி என்ற சொல்லுக்கு இந்த வேகம் போதாது. 1903இல் பிறந்து, 2008இல், 104 வயதில் இறந்தவர் அவர். மொத்த எண்ணிக்கை மலைக்க வைப்பதற்கு அந்த நீண்ட ஆயுள்தான் காரணம்.

நீங்கள் படித்த வகை நாவல்களுக்கு அவர் வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். 1928இல் சிகாகோ டெய்லி நியூஸ் அவருடைய முதல் கதையை வாங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் பத்திரிகைக் கதைகள்; வயிற்றுப்பாட்டுக்குப் புத்தகக் கடை வேலை, நூலக வேலை. முதல் புத்தகம் வெளிவந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1943இல் பெரியவர்களுக்கான முதல் மர்ம நாவலை எழுதினார். சிகாகோவில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. அங்கே விளம்பர வாசகங்கள் எழுதும் ஒரு பெண். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் பிரிவின் தலைவர் அந்த ஜன்னல் ஒன்றுக்குள்ளேயே கொல்லப்பட்டுக் கிடக்கிறார். ஊரே வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டிய இடத்தில், திரையை இழுத்துவிட்டு, பொம்மைகளுக்கு நடுவே ஒரு கொலை! இப்படி ஒரு களம் கிடைத்தால் நானெல்லாம் அதை வைத்தே நான்கு நாவல் எழுதப் பார்ப்பேன். புத்தகம் விற்கவில்லை. விட்னி மறுபடி இளையோர் நூல்களுக்கே திரும்பினார். பெரியவர்களுக்கான அடுத்த நாவல் 1955இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தோற்ற அந்த முதல் நாவல் பின்னர், அவர் பெயருக்கு மவுசு வந்த பிறகு, வேறு தலைப்பில் பேப்பர்பேக்காக மறுபிறவி எடுத்தது.

ஆக, 'எழுபது நாவல் எழுதிய அம்மையார்' என்று நீங்கள் சொல்கிறவரின் புகழ் முழுக்க, பலர் பேனாவை மூடி வைக்கும் வயதில் தொடங்கியது.

இனி உங்கள் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒரே பெண், ஒரே வீடு, ஒரே ரகசியம். உண்மைதான், மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று பாருங்கள். விட்னி பிறந்தது ஜப்பானில், யோகோஹாமா நகரத்தில். பெற்றோர் அமெரிக்கர்கள். வளர்ந்தது ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனா என்று மாறி மாறி. 1918இல் தந்தை சீனாவில் இறந்துபோக, தாயும் மகளும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சொந்த நாடு என்று சொல்லப்பட்ட நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் பதினைந்து வயதுச் சிறுமி. நான்கே ஆண்டுகளில் தாயும் இறந்தார். மிச்சம் இருந்தது சிகாகோவில் ஒரு சித்தி வீடு. அங்கே தங்கித்தான் 1924இல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

இப்போது அந்த நாவல்களைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள் ஒருத்தி. உள்ளே இருப்பவர்கள் ரத்த உறவு, ஆனால் முன்பின் பார்த்ததில்லை. அவர்களுக்கு அவள் வந்தது பிடிக்கவில்லை. அவளுக்கோ அவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை. வாழ்க்கை அப்படியே கதையாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடும் விமர்சனம் எனக்கு அலுப்பூட்டுவது. வாழ்க்கையை ஆராய்வது என் நோக்கமல்ல. இந்த நிலைமை ஒரு மர்மக் கதைக்கு என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வழக்கமான துப்பறியும் கதையில் துப்பறிபவர் வெளியாள். கொலையாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடலாம். சந்தேகத்துக்குரிய ஆறு பேரில் யார் மாட்டினாலும் அவருக்கு நஷ்டமில்லை. விட்னியின் நாயகிக்கு அப்படி இல்லை. சந்தேகப்பட வேண்டிய அந்த ஆறு பேரும்தான் அவள் தேடி வந்த குடும்பம். பாட்டி கொலைகாரியாக இருந்தால் பாட்டி போய்விடுவாள். மாமா கொலைகாரர் என்றால் மாமா போய்விடுவார். உண்மையை நோக்கி ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் தனக்குக் கிடைத்த வீட்டில் ஒரு தூணை அவளே பெயர்க்கிறாள். கொலையாளியைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்கிறீர்கள். சபாஷ். அவளும் பல நேரம் பாதியிலேயே உணர்ந்துவிடுகிறாள். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கதையின் பதற்றம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. புதிர்க் கதை என்று நினைத்துப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

காதல் பகுதியும் இதே விதியில்தான் ஓடுகிறது. யாரை நம்புவது என்ற கேள்வி கொலைக்கும் பொருந்தும், கல்யாணத்துக்கும் பொருந்தும். காதல் கலந்த மர்ம நாவல் என்ற வகையே இந்த ஒரு கேள்வியின் மேல் கட்டப்பட்டதுதான். இருந்தாலும் அவருடைய ஆண் பாத்திரங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கடுகடுப்பு ஒன்றையே குணமாகக் கொண்டு அலையும் அந்த நாயகர்களை எனக்கும் சகிக்காது. கடைசி அத்தியாயங்களில் கொலையாளி நிதானமாக நின்று எல்லாவற்றையும் விளக்குவதும் அப்படித்தான். கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் யார் பேசுவார்கள்? பாட்டிகளையும் அத்தைகளையும் அக்காள் தங்கைப் பொறாமையையும் எழுதும்போது அவர் கை வேறு மாதிரி ஓடுகிறது. வீட்டை ஆளும் ஒரு கிழவி சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

வீடு மாறவில்லை என்றால் வேறு எது மாறியது? ஊர். தான் போய்ப் பார்க்காத இடத்தைக் களமாக வைப்பதில்லை என்பதை அவர் விதியாகவே கொண்டிருந்தார். இதில் அவருடைய தொழில் சாமர்த்தியம் ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர் என்ற முறையில் நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பயணத்தில் திரட்டியதை இரண்டு புத்தகங்களாக்குவார், பெரியவர்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று. கியோட்டோ நகரத்தை வைத்து 1958இல் 'மூன்ஃபிளவர்' பெரியவர்களுக்கு. அதே ஆண்டு சாமுராய் வாளைப் பற்றிய ஒரு மர்மக் கதை சிறுவர்களுக்கு. 1961இல் தென்னாப்பிரிக்கா, அதே போல இரண்டு. 1963இல் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு, மறுபடி இரண்டு. அந்த ரோட்ஸ் தீவுச் சிறுவர் நாவலுக்குத்தான் 1964இல் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது கிடைத்தது. 1961இலும் ஒரு சிறுவர் நாவலுக்காக அதே விருதைப் பெற்றிருந்தார். ஒரே தெருவை ஒரு குழந்தையின் கண்ணாலும் ஒரு பெண்ணின் கண்ணாலும் அடுத்தடுத்துப் பார்த்து எழுதுவது எவ்வளவு பெரிய பயிற்சி! சிக்கனம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

சிறுவர் நூல்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை, அது தவறு. 1947இல் அவர் பதின்வயதினருக்காக எழுதிய 'வில்லோ ஹில்' ஒரு வெள்ளையர் ஊருக்குள் கறுப்பினக் குடும்பங்கள் குடிவருவதைப் பற்றியது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1954இல்தான். பெரியவர்களுக்கான நாவல்களில் அவர் இவ்வளவு துணிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே வாசகிகளின் எதிர்பார்ப்பு அவரைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எதிர்பார்ப்பு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்கப் பேப்பர்பேக் உலகில் கோதிக் நாவல்களுக்கு, அதாவது பழைய மாளிகையும் ரகசியமும் அச்சமுமாகப் போகும் கதைகளுக்கு, ஒரு பெரிய அலை அடித்தது. ஏஸ் புக்ஸ் நிறுவனம் தொடங்கிய வரிசையின் ஆரம்ப நூல்களில் விட்னியின் 'தண்டர் ஹைட்ஸ்' ஒன்று. அட்டைகளெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: இருட்டு வானம், பின்னால் ஒரு மாளிகை, அதில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், முன்னால் தலைமுடி பறக்க ஓடிவரும் பெண். 1970களில் அலை வற்றியது. வாசகிகள் சரித்திரக் காதல் கதைகளுக்குப் போய்விட்டார்கள். அந்த அட்டையை நம்பிப் பிழைத்த பலர் அட்டையோடு காணாமல் போனார்கள். விட்னி அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார், வாங்கவும் ஆள் இருந்தது. உற்பத்தியாளராக மட்டும் இருந்திருந்தால் சந்தை போனபோது அவரும் போயிருப்பார்.

சக எழுத்தாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் 1975இல் அவரைத் தலைவராக்கியது. 1988இல் வாழ்நாள் சாதனைக்கான கிராண்ட் மாஸ்டர் பட்டம் தந்தது. அகதா கிறிஸ்டி 1955இல் முதன்முதலாகப் பெற்ற பட்டம் அது.

மாத நாவல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏளனம் செய்கிறவர்களின் பட்டியலில் என்னைச் சேர்க்காதீர்கள். ஆனால் விட்னியோடு அவற்றை ஒப்பிடவும் மாட்டேன். அச்சகத்துப் பையன் வாசலில் நிற்க, மாதாமாதம் ஒரு நாவலை முடித்துக் கொடுப்பது வேறொரு உழைப்பு. அதற்கான அளவுகோலை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். தனிக் கடிதமாக எழுதுங்கள், பேசலாம்.

உங்கள் நாவலுக்கு வருவோம். விட்னி 1947 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிறுவர் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுதும் முறையைப் பற்றித் தனியாக நூல்களும் எழுதினார்; 1982இல் வந்தது அவற்றில் பரவலாகப் படிக்கப்பட்டது. உள்ளெழுச்சி, தரிசனம் என்றெல்லாம் அவர் பேசுவதில்லை. ஒரு குறிப்பேட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்: வேலை நாட்காட்டி, தலைப்புகள், காலவரிசை, பாத்திரங்கள், கதைப்பின்னல் என்று. நாவலைத் தொடங்குவதற்கு முன்பே அது நிரம்பத் தொடங்கிவிட வேண்டும். குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். காலவரிசைப் பக்கத்தை மட்டுமாவது செய்து பாருங்கள். உங்கள் கதையில் பழைய மரணம் எந்த ஆண்டு, அப்போது யாருக்கு என்ன வயது, அன்று யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். பாதி ஓட்டைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது நாவல்: 1972இல் வந்த 'லிசன் ஃபார் தி விஸ்பரர்'. களம் நார்வேயின் பெர்கன் நகரம். தன்னைக் குழந்தையிலேயே கைவிட்டுப் போன தாயைச் சந்திக்க மகள் போகிறாள். தாய் ஒரு காலத்தில் ஹாலிவுட் நட்சத்திரம். படப்பிடிப்புத் தளத்தில் நடந்த ஒரு கொலைக்குப் பின் திரையை விட்டே விலகியவள். மகள் பழைய நடிகைகளைப் பற்றி எழுதுகிறவள், பேட்டி என்ற சாக்கில் வருகிறாள். கேள்வி கேட்பவளுக்குப் பதில் வேண்டுமா, அம்மா வேண்டுமா என்பது அவளுக்கே தெரியவில்லை. மேலே நான் சொன்னதெல்லாம் இந்த ஒரு நாவலில் மிகச் சுத்தமாக அமைந்திருக்கிறது. ஊர் பிடித்திருந்தால் அடுத்து வர்ஜின் தீவுகளை வைத்து எழுதிய 'கொலம்பெல்லா'வுக்குப் போங்கள். 1990களில் வந்தவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். தொண்ணூறு வயதில் ஒருவர் நாவல் எழுதினார் என்பது எனக்கு வியப்புதான், ஆனால் அந்த வியப்பை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கத்தைப் படித்துவிட முடியாது.

அன்புடன்.